ஹெட்போன்ல திசையோட குரல் கேக்குறது எப்படி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க ஒரு பதினோரு பேரு, ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மம்பிள்ங்கிற வாய்ஸ் சாட் சாஃப்ட்வேர்ல கூடி பேசிக்கிட்டே கேம் ஆடுவோம், சர்வர் நான்தான் பாத்துக்கிறேன். புதுசா யாராவது வந்தா முதல் வாரம் பூரா இதே கேள்விங்கதான் வரும், நானும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மெசேஜ்ல டைப் பண்ணிட்டு இருந்தேன், அதெல்லாத்தையும் இப்ப ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். மம்பிள வெச்சுதான் எழுதியிருக்கேன், ஆனா பாதிக்கு மேல எந்த வாய்ஸ் சாட்டுக்கும் பொருந்தும்.

திசையோட குரல்னா என்ன, சாதா ஸ்டீரியோ தானே அது?

இல்லங்க. சாதாரண வாய்ஸ் கால்ல பத்து பேரு பேசினாலும் பத்து குரலும் உங்க நடு மண்டைக்குள்ள ஒரே புள்ளியிலதான் கேக்கும். திசையோட கேக்குறதுன்னா, கேம்ல உங்க இடது பக்கம் நிக்கிறவர் இடது பக்கத்துல இருந்தே பேசுவாரு, தள்ளிப் போகப் போக குரல் சின்னதாகும், நீங்க மௌஸ திருப்பினா குரலும் சுத்தி வரும். பாட்டு கேக்குற ஸ்டீரியோவுல யாரு எந்தப் பக்கம்னு ஸ்டுடியோவுலயே முடிவு பண்ணிடுறாங்க, இங்க உங்க கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கணக்கு போட்டு முடிவு பண்ணுது, வித்தியாசம் அதுதான்.

ரெண்டு காது ரெண்டு ஸ்பீக்கர்தான் இருக்கு, அதுல எப்படி திசை தெரியும்?

இத ஒரு தடவை நல்லா புரிஞ்சுக்கிட்டா கீழ வர்ற பாதி பிரச்சனைய நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். நம்ம தலை அகலம் சுமாரா 18 சென்டிமீட்டர், சத்தம் காத்துல நொடிக்கு 343 மீட்டர் போகுது. நேர் வலது பக்கத்துல ஒருத்தர் கூப்பிட்டா அந்த சத்தம் வலது காதுக்கு வந்து, தலைய சுத்திக்கிட்டு இடது காதுக்குப் போய் சேர 0.6ல இருந்து 0.7 மில்லி செகண்ட் கூட ஆகும். ஒரு செகண்ட ஆயிரமா வெட்டினா அதுல ஒரு துண்டு கூட முழுசா இல்ல, ஆனா மூளை அத பிடிச்சிடுது, நல்லா கேக்குற ஆளு மைக்ரோ செகண்ட் கணக்குல பத்து வித்தியாசம் இருந்தாலே இந்தப் பக்கம்னு சொல்லிடுவாரு. இது ஒரு துப்பு. இன்னொண்ணு, உசந்த ஸ்தாயி சத்தத்த தலை மறைச்சிடும், அதனால சத்தத்துக்கு எதிர்ப் பக்கத்து காதுல சத்தம் கம்மியா விழும். தாழ்ந்த ஸ்தாயிக்கு நேர வித்தியாசம், உசந்த ஸ்தாயிக்கு அளவு வித்தியாசம்னு இயற்பியலாளர் ராலே பிரபு 1907லயே எழுதி வெச்சிட்டாரு. மூணாவது துப்பு காது மடல். அந்த மடிப்புங்க எல்லாம் சும்மா அழகுக்கு இல்ல, மேல இருந்து வர்ற சத்தத்தையும் பின்னாடி இருந்து வர்ற சத்தத்தையும் வேற வேற மாதிரி வடிகட்டி உள்ள அனுப்புது.

இந்த மூணையும் சேத்து அளந்து வெச்ச டேபிளுக்குப் பேருதான் ஹெச்ஆர்டிஎஃப். பொம்மைத் தலை ஒண்ணு செஞ்சு அதோட காதுக்குள்ள மைக் வெச்சு, சுத்திலும் ஸ்பீக்கர்ல சத்தம் கொடுத்து அளப்பாங்க. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல 1994ல கேமார்ங்கிற பொம்மைய வெச்சு அளந்த டேபிள் இன்னிக்கும் இலவசமா கிடைக்குது.

அப்போ எனக்கு மட்டும் முன்னாடி பேசுறவரு பின்னாடி பேசுற மாதிரி கேக்குதே, ஏன்?

ஏன்னா அந்த டேபிள் உங்க காத அளந்தது இல்ல. முன்னாடி நேரா இருக்கிற சத்தமும் பின்னாடி நேரா இருக்கிற சத்தமும் ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல ஒரே அளவுல வரும், காது மடல் மட்டும்தான் பிரிச்சுக் காட்டும், அந்த மடல் ஆளுக்கு ஆள் மாறுது. நேர்லயும் இந்தக் குழப்பம் வரும், அப்ப நம்ம தெரியாமலே தலைய லேசா திருப்புவோம், உடனே புரிஞ்சிடும். கேம்லயும் அதையே செய்யுங்க, குழப்பமா இருந்தா மௌஸ ஒரு இருபது டிகிரி அசைச்சுப் பாருங்க. குரல் எந்தப் பக்கமா நகருதோ அத வெச்சு முன்னயா பின்னயான்னு பிடிபட்டுடும். ஒரு வாரம் ஆடினா இது பழகிடும், அப்புறம் யோசிக்கவே தேவையில்ல.

இதுக்காக விலை கூடின கேமிங் ஹெட்செட் வாங்கணுமா அண்ணா?

வேண்டாம். இத நான் அழுத்தமா சொல்றேன், ஏன்னா எங்க குரூப்ல காலேஜ் பசங்க இருக்காங்க, வீட்ல கேட்டு காசு வாங்கி செலவு பண்ணிட்டு வந்து நிக்கிறாங்க, மனசு கஷ்டமா இருக்கு. இடது வலது ரெண்டும் ஒழுங்கா வேலை செய்ற, வயர் போட்ட சாதா இயர்போன் போதும். பெட்டி மேல 7.1னு (சுத்திலும் எட்டு ஸ்பீக்கர் வெச்ச மாதிரின்னு அர்த்தம்) போட்டிருக்கிற நிறைய ஹெட்செட்ல உள்ள காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும், மத்தத எல்லாம் சாஃப்ட்வேர் பண்ணுது, அந்த சாஃப்ட்வேர் வேலைய உங்க கம்ப்யூட்டரே இலவசமா பண்ணும்.

போன் இயர்போன்ல செருகுற பின்னப் பாத்தீங்கன்னா மூணு கறுப்புக் கோடு, நாலு பகுதி இருக்கும். லேப்டாப்ல ஒரே ஓட்டைன்னா நேரா செருகிடலாம். டெஸ்க்டாப்ல மைக்குக்கு ஒண்ணு ஹெட்போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டை இருந்தா நடுவுல ஒரு ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் வேணும், எலக்ட்ரானிக்ஸ் கடையில மைக் ஸ்ப்ளிட்டர்னு கேட்டு வாங்குங்க. வெறும் ஸ்ப்ளிட்டர்னு கேட்டா ஒரு பாட்ட ரெண்டு பேரு கேக்குற டைப்ப கொடுத்துடுவாங்க, அது இதுக்கு ஆகாது.

ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டிருக்கேன். குரல் ரேடியோவுல வர்ற மாதிரி இருக்கு, திசையும் இல்ல.

பத்து பேர்ல ஏழு பேரோட பிரச்சனை இதுதான். எனக்கும் இதுலதான் ரெண்டு வாரம் போச்சு, மம்பிள் செட்டிங்ஸ் எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தேன், கோளாறு அங்க இல்லவே இல்ல.

பழைய ப்ளூடூத்துக்கு ரெண்டு முகம் இருக்கு. பாட்டு கேக்குறப்ப ஸ்டீரியோவா நல்ல தரத்துல வரும், ஆனா அது ஒரு வழிப் பாதை, மைக் கிடையாது. மைக்க ஆன் பண்ண உடனே அது ஹேண்ட்ஸ் ஃப்ரீ முறைக்கு மாறிடும், அப்ப ரெண்டு காதுக்கும் ஒரே மோனோ சத்தம்தான் வரும், அதுவும் பழசுன்னா 8 கிலோஹெர்ட்ஸ், கொஞ்சம் புதுசுன்னா 16 கிலோஹெர்ட்ஸ், இந்த எண் கம்மின்னா தரமும் கம்மி. மம்பிள் உங்களுக்கு 48 கிலோஹெர்ட்ஸ்ல இடம் வலம் பிரிச்சு அழகா அனுப்பினாலும் கடைசி ரெண்டடி தூரத்துல எல்லாம் ஒண்ணா கலந்துடுது.

வழி இருக்கு. இயர்பட்ஸோட மைக்க பயன்படுத்தாதீங்க. மம்பிள்ல ஆடியோ இன்புட்ல லேப்டாப் மைக்கையோ தனி யூஎஸ்பி மைக்கையோ செலக்ட் பண்ணுங்க, அவுட்புட் மட்டும் இயர்பட்ஸுக்குப் போகட்டும், ஸ்டீரியோ திரும்பி வந்துடும். விண்டோஸ் 10ல ஒரே இயர்பட்ஸ் ஹெட்போன்ஸ்னு ஒண்ணு, ஹெட்செட்னு ஒண்ணுன்னு ரெண்டு பேர்ல தெரியும், ஹெட்போன்ஸ்னு இருக்கிறதத்தான் எடுக்கணும். அப்பவும் சத்தம் கொஞ்சம் லேட்டாதான் வரும், பேசுறதுக்குப் பரவாயில்ல, கேம்ல காலடி சத்தம் கேட்டு ஆடுறவங்களுக்கு கஷ்டம். எல்இ ஆடியோன்னு புது முறையில மைக் ஆன்ல இருந்தாலும் ஸ்டீரியோ வரும், ஆனா இயர்பட்ஸ், கம்ப்யூட்டர் ரெண்டுமே அதுக்கு சப்போர்ட் பண்ணணும். வயர் போட்டுக்குறதுதான் என் கட்சி.

சரி, மம்பிள்ல எதெத ஆன் பண்ணணும்?

செட்டிங்ஸ்ல ஆடியோ அவுட்புட் பக்கத்துக்குப் போங்க, கீழ பொசிஷனல் ஆடியோன்னு ஒரு கட்டம் இருக்கும். அத எனேபிள் பண்ணுங்க, பக்கத்துலயே ஹெட்போன்ஸ்னு இருக்கிறதையும் டிக் பண்ணுங்க. இந்த ரெண்டாவது டிக்க நிறைய பேரு விட்டுடுறாங்க. டிக் இல்லன்னா மம்பிள் உங்க எதிர்ல டேபிள் மேல ஸ்பீக்கர் இருக்கிறதா நெனச்சு கணக்கு போடும், காதுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கருக்கு அந்தக் கணக்கு தப்பு.

அப்புறம் ப்ளகின்ஸ் (மம்பிளையும் கேமையும் இணைக்கிற சின்ன சாஃப்ட்வேருங்க) பக்கத்துல மேலயே லிங்க் டு கேம் அண்ட் ட்ரான்ஸ்மிட் பொசிஷன்னு இருக்கும், அதுவும் ஆன்ல இருக்கணும், கீழ லிஸ்ட்ல உங்க கேமோட ப்ளகினும் டிக் ஆகியிருக்கணும். இது ஏன்னு கேட்டா, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு உங்க மம்பிள்தான் கேம்ல இருந்து படிச்சு உங்க குரலோட சேத்து அனுப்புது. நீங்க ஆன் பண்ணலன்னா மத்தவங்களுக்கு உங்க குரல் நடுவுல கேக்கும், அவங்க ஆன் பண்ணலன்னா உங்களுக்கு அவங்க குரல் நடுவுல கேக்கும். ரெண்டு பக்கமும் ஆன்ல இருக்கணும், அதோட ரெண்டு பேரும் ஒரே கேம் சர்வர்ல இருக்கணும்.

தூரத்துக்கு நாலு ஸ்லைடர் இருக்கு. மினிமம் டிஸ்டன்ஸ்ங்கிறது எவ்வளவு கிட்ட வரைக்கும் குரல் முழு அளவுல இருக்கணும்ங்கிறது, அதத் தாண்டினா குறைய ஆரம்பிக்கும். மேக்ஸிமம் டிஸ்டன்ஸ் குறையறது நிக்கிற இடம். மினிமம் வால்யூம்ங்கிறது அந்தக் கடைசி தூரத்துல எவ்வளவு மிச்சம் இருக்கணும்ங்கிறது, இத பூஜ்ஜியத்துல வெச்சா தூரமா இருக்கிறவர் குரல் சுத்தமா வராது, அப்புறம் ஆள் லைன்ல இருக்காரா இல்லையான்னே தெரியாம தவிப்பீங்க. எங்க குரூப்ல எல்லாரும் முப்பது சதவீதம் பக்கம் வெச்சுக்கிட்டோம், திசை மட்டும் தெரியுது, யாரும் தொலைஞ்சு போகல. ப்ளூம்ங்கிறது ரொம்ப கிட்ட வந்தா எவ்வளவு சத்தம் கூடணும்ங்கிறது, அத குறைச்சே வைங்க, ஒருத்தர் உங்க மேல ஏறி நின்னு சிரிச்சா காது வலிக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ஆடியோ விசார்ட ஒரு தடவை ஓட்டுங்க. கடைசியில ஒரு சத்தம் உங்கள சுத்தி வர்ற மாதிரி படம் காட்டும், கண்ண மூடிக்கிட்டு கேளுங்க, வலது பக்கம் வர்றப்ப வலது காதுல வரணும். வரலன்னா கேம்ல தேடாதீங்க, கோளாறு உங்க ஹெட்போன்லயோ விண்டோஸ்லயோதான்.

என் கேமுக்கு ப்ளகின் இருக்கா?

லிஸ்ட்ட திறந்து பாருங்க, அதுதான் உங்க வெர்ஷனுக்கு சரியான பதில். சில கேம் தானாவே மம்பிள் லிங்க் வழியா இடத்த சொல்லிடும், கில்ட் வார்ஸ் 2 அப்படித்தான். மத்ததுக்கு ப்ளகின் கேமோட மெமரிய படிச்சு எடுக்குது, அதனால கேம் அப்டேட் ஆன மறுநாள் வேலை செய்யலன்னா பதறாதீங்க, ப்ளகின் அப்டேட் வர்ற வரைக்கும் எல்லார் குரலும் நடுவுல கேக்கும், பேச்சு தடைபடாது.

மைன்கிராஃப்ட் மட்டும்தான் ஆடுறோம், அதுக்கும் மம்பிள் வேணுமா?

ஜாவா எடிஷன்னா சிம்பிள் வாய்ஸ் சாட்டுன்னு ஒரு மாட் (கேம்ல கூடுதலா சேத்துக்கிற சாஃப்ட்வேர்) இருக்கு, அதுவே போதும். சர்வர்லயும் போடணும், ஆடுற ஒவ்வொருத்தர் கிட்டயும் போடணும். குரல் 48 ப்ளாக் தூரம் வரைக்கும் கேக்கும், வேணும்னா சர்வர்ல மாத்திக்கலாம். பேசுறதுக்கு கேப்ஸ் லாக், மெனுவுக்கு வி. அதுல குரூப் ஆரம்பிச்சு உள்ள போனீங்கன்னா எவ்வளவு தூரத்துல இருந்தாலும் பேசிக்கலாம், ஆனா குரூப்புக்குள்ள திசை கிடையாது. திசை வரலன்னு கேட்டு வர்றவங்க முக்காவாசி பேரு குரூப்ல உக்காந்துட்டு இருப்பாங்க. பெட்ராக் எடிஷன்ல இந்த மாட் வேலை செய்யாது.

குரல் ஐகான் மேல ப்ளக் பிடுங்கின மாதிரி படம் வந்தா சர்வர்ல 24454 யூடிபி போர்ட், அதாவது குரல் டேட்டா உள்ள வர்ற வாசல், திறக்கலன்னு அர்த்தம், பொதுவா டிசிபி மட்டும் திறந்துட்டு இத மறந்திருப்பாங்க. அதோட மைன்கிராஃப்ட் 1.19ல இருந்து சவுண்ட் செட்டிங்ஸ்ல டைரக்‌ஷனல் ஆடியோன்னு ஒண்ணு வந்திருக்கு, மாடு கத்துறது, ஸோம்பி உறுமுறது எல்லாம் ஹெச்ஆர்டிஎஃப்ல வரும், ஹெட்போன் போட்டிருந்தா ஆன் பண்ணிக்குங்க.

விண்டோஸ் சோனிக், அட்மாஸ்னு விண்டோஸ்ல இருக்கிற சரவுண்ட் சவுண்ட் வசதியெல்லாம் ஆன் பண்ணினா இன்னும் நல்லா இருக்குமா?

ஒரே ஒரு இடத்துலதான் திசைக் கணக்கு நடக்கணும். இத மட்டும் மனசுல வெச்சுக்குங்க. மம்பிளோ கேமோ ஏற்கனவே ஹெட்போனுக்குன்னு பிரிச்சு கொடுத்தத விண்டோஸ் திரும்ப வாங்கி, இது ஏதோ எதிர்ல இருக்கிற ரெண்டு ஸ்பீக்கர் சத்தம்னு நெனச்சு இன்னொரு தடவை சுத்தினா, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். ஹெட்செட் கூட வந்த சாஃப்ட்வேர்ல 7.1 ஆன்ல இருந்தா மூணாவது தடவையும் சுத்தும். கேம் தானா ஹெட்போன் கணக்கு போடாம வெறும் 5.1, 7.1 மட்டும் கொடுத்தா அப்ப விண்டோஸ் சோனிக் நல்ல வேலை செய்யும், 2017ல இருந்து விண்டோஸ் 10 கூடவே இலவசமா வருது, கீழ ஸ்பீக்கர் ஐகான ரைட் கிளிக் பண்ணினா ஸ்பேஷியல் சவுண்ட்னு இருக்கும். இல்லன்னா ஆஃப்லயே விடுங்க.

விண்டோஸ்ல இன்னொரு தொல்லை, யாராவது பேசினா கேம் சத்தம் தானா பாதாளத்துக்குப் போயிடும். பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனல்ல கம்யூனிகேஷன்ஸ் டேப்ல மத்த சத்தத்த 80 சதவீதம் குறைன்னு இருக்கும், அத டூ நத்திங்க்கு மாத்துங்க. மோனோ ஆடியோ ஆன்ல இருக்கான்னும் பாத்துடுங்க, இருந்தா ஆஃப் பண்ணுங்க, வீட்ல வேற யாராவது தொட்டு விட்டிருப்பாங்க.

பேச்சு எல்லாம் குடத்துக்குள்ள பேசுற மாதிரி, நடுவுல இருக்கிற குரல் மட்டும் காணாம போகுது.

ஹெட்போன் பின் சரியா உள்ள போகல. முழுசா அழுத்துங்க. கிரவுண்ட் தொடலன்னா ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும், ரெண்டுலயும் பொதுவா இருக்கிற நடுக் குரல் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு மறைஞ்சிடும். அழுத்தியும் சரியாகலன்னா வயர் பின் கிட்ட அறுந்திருக்கும்.

என் மைக்கும் ஸ்டீரியோவா இருக்கணுமா?

தேவையே இல்ல. உங்க குரல் ஒத்தைக் குரலாதான் போகுது, கூடவே நீங்க நிக்கிற இடமும் போகுது, இடம் வலம் பிரிக்கிறது கேக்குறவங்க கம்ப்யூட்டர்.

ஆனா மைக் சுத்தமா இருக்கணும். முன்னெல்லாம் எல்லார் வீட்டு மின்விசிறி சத்தமும் நடுவுல ஒரே இரைச்சலா கேக்கும், பழகிடும். திசை வந்த பிறகு இடது பக்கம் ஒரு ஃபேன், பின்னாடி ஒரு மிக்சி, வலது பக்கம் குக்கர் விசில்னு ஒவ்வொண்ணும் தனியா நின்னு கேக்குது. மம்பிள்ல ஆர்என்நாய்ஸ்னு ஒரு இரைச்சல் நீக்கி இருக்கு, ஆடியோ இன்புட்ல போய் அத ஆன் பண்ணுங்க, ஃபேன் சத்தத்த நல்லா குறைக்கும். முடிஞ்சா புஷ் டு டாக் வைங்க, பட்டன அழுத்தினாதான் மைக் ஆன் ஆகும்.

வீட்டு நெட்டுலயே சர்வர் போடலாமா, டேட்டா எவ்வளவு தின்னும்?

மம்பிள் சர்வர் ரொம்ப லேசு, ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்லயே ஓடும், சாஃப்ட்வேர் இலவசம். நொடிக்கு 40 கிலோபிட் தரத்துல ஒருத்தர் பேசினா, பதினோரு பேர்ல மத்த பத்து பேருக்கும் சர்வர் ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பணும், அதுவே 400, பாக்கெட் சுமையும் சேத்தா அரை மெகாபிட்டுக்கு மேல வரும். மூணு பேரு ஒரே நேரத்துல கத்தினா ரெண்டு மெகாபிட்னு வெச்சுக்குங்க. இன்னிக்கு ஃபைபர்ல அது ஒண்ணுமே இல்ல. திறக்க வேண்டிய போர்ட் 64738, டிசிபி யூடிபி ரெண்டும்.

சிக்கல் வேற இடத்துல. நம்ம ஊர்ல நிறைய வீட்டு கனெக்‌ஷனுக்கு தனி ஐபி (இணைய முகவரி) கிடையாது, பல வீட்ட ஒரே ஐபிக்குப் பின்னாடி வெச்சிருப்பாங்க, ரவுட்டர்ல எத்தனை போர்ட் திறந்தாலும் வெளிய இருந்து ஆள் உள்ள வர முடியாது. ஐபிவி6ங்கிற புது முறை முகவரி இருந்தா அதுல முயற்சி பண்ணலாம், ஆனா சேர்ற எல்லார் கிட்டயும் ஐபிவி6 இருக்கணும். நாங்க கடைசியில சின்னதா ஒரு விபிஎஸ் (இணையத்துல வாடகைக்குக் கிடைக்கிற சர்வர்) எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கிட்டோம்.

கேம் ஆடாம சும்மா மீட்டிங்ல பேசுறவங்களுக்கு இதனால என்ன பிரயோஜனம்?

நிறைய இருக்கு. 1953ல காலின் செர்ரின்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணினாரு, ரெண்டு பேச்ச ஒரே குரல்ல கலந்து கொடுத்தா பிரிச்சுக் கேக்க மனுஷன் திணறுறான், அதே ரெண்ட காதுக்கு ஒண்ணா பிரிச்சுக் கொடுத்தா ஒண்ண சுலபமா தொடர்ந்து கேக்குறான். கல்யாண வீட்ல அத்தனை சத்தத்துலயும் பக்கத்து பந்தியில யாரோ நம்ம பேர சொன்னா காது அங்க போகுதுல்ல, அந்தத் திறமை முழுசா வேலை செய்ய குரலுங்க வேற வேற இடத்துல இருந்து வரணும். எல்லாரையும் ஒரே புள்ளியில கேட்டா மூளை உழைச்சுக்கிட்டே இருக்கும், ஒரு மணி நேர கால் முடிஞ்சதும் தலை கனக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

ஐபோன்ல 2021ல வந்த ஐஓஎஸ் 15ல இருந்து ஃபேஸ்டைம் குரூப் கால்ல ஆளு ஸ்க்ரீன்ல எங்க தெரியறாரோ அங்க இருந்தே குரல் வரும், 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்ல இருந்து அதுக்கு அப்புறம் வந்த போன்ல வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்லயும் ஸ்பேஷியல் ஆடியோன்னு டிவைஸ் செட்டிங்ஸ்ல இருக்கு, வயர் ஹெட்போன் போட்டு ஆன் பண்ணிப் பாருங்க. டிஸ்கார்ட்ல சாதாரண வாய்ஸ் சேனல்ல திசை கிடையாது, ஆளுக்கு ஆள் வால்யூம் மாத்தலாம், அவ்வளவுதான்.

சத்தம் எவ்வளவு வெச்சுக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடினா நேரம் வேகமா குறையும். திசை வந்துட்டா ஒரு நல்ல விஷயம், குரல் பிரிஞ்சு கேக்குறதால வால்யூம குறைச்சாலும் புரியும். செட்டப் முடிஞ்ச அன்னிக்கே ரெண்டு புள்ளி குறைச்சு வெச்சுடுங்க.

எனக்கு ஒரு காது கேக்காது. நான் சேரலாமா?

கண்டிப்பா வாங்க. எங்க குரூப்லயே ஒருத்தருக்கு சின்ன வயசுல இருந்து இடது காது கேக்காது. திசை ஆன்ல இருந்தா இடது பக்கம் நிக்கிறவங்க பேசுறது அவருக்கு பாதிதான் வரும், அவரு ரொம்ப நாள் அத யாருக்கும் சொல்லாம இருந்திருக்காரு, எனக்கு அது தெரிஞ்சப்ப ரொம்ப வருத்தமா போச்சு. நீங்க மம்பிள்ல பொசிஷனல் ஆடியோ டிக்க எடுத்துடுங்க, விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆக்ஸஸிபிலிட்டிக்குள்ள ஆடியோவுல மோனோ ஆடியோவ ஆன் பண்ணுங்க, ரெண்டு பக்க சத்தமும் கேக்குற காதுக்கே வந்துடும். ப்ளகின்ஸ் பக்கத்து டிக் ஆன்லயே இருந்தா, நீங்க இத ஆஃப் பண்றதால மத்தவங்களுக்கு எதுவும் மாறாது, அவங்களுக்கு உங்க குரல் திசையோடவே கேக்கும். யாரு பேசுறாங்கன்னு ஸ்க்ரீன் மேல பேரு காட்டுற ஓவர்லேயும் மம்பிள்ல இருக்கு. அவரு லைன்ல இருக்கிற அன்னிக்கு நாங்க எல்லாரும் பேசுறதுக்கு முன்னாடி எங்க பேரையும் எந்தப் பக்கம் நிக்கிறோம்ங்கிறதையும் சொல்லிட்டுதான் பேசுறோம்.